எடைமேடையில் பதினேழாவது அறை

விளையாட்டில் எனக்குக் கால் இல்லை.
குனிந்தால் தரைதான் தெரியும்,
தரையில் என் நிழல்கூட விழுவதில்லை.
ஆனால் மஞ்சள் தகட்டில் ஏறி நின்றால்
கதவு மேலே போகிறது.
யாரோ என்னை எடை போட்டிருக்கிறார்கள்,
எத்தனை கிலோ என்று மட்டும் சொல்வதில்லை.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஜவ்வரிசி மில்லின் எடைமேடையில்
மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை எனக்கு வேலை.
பேளூர், தும்பல், கருமந்துறை என்று
குச்சிக்கிழங்கு லாரிகள் வரும்.
ஏற்றியபடி ஒருமுறை, காலியாக ஒருமுறை.
ஏற்றி வரும்போது கிளீனர் கேபினில் தூங்குவான்,
காலி எடைக்கு டீக்கடையில் இருப்பான்.
அறுபது கிலோ!
‘எழுப்பி இறக்கிவிடுங்க’ என்பேன்.
கிழங்கு இறங்கும் முக்கால் மணி நேரம்
தம்பியின் பழைய லாப்டாப்பைத் திறந்துகொள்வேன்.
மடியில் வைத்தால் சுடும்.

அறை இவ்வளவுதான்:
கதவு, தகடு, ஒரே ஒரு பெட்டி.
கம்பிக்கு அந்தப் பக்கம் இன்னொரு தகடு,
அதற்கும் ஒரு பெட்டி வேண்டும்.
பெட்டியை இங்கே வைத்தால் கதவு திறக்கும்,
நான் வெறுங்கையோடு உள்ளே போவேன்.
பெட்டிக்குப் பதில் நான் நின்றாலும் திறக்கும்,
உள்ளே போக ஆள் இல்லை.

ஒன்பது நாள்.
சுவர் சுவராய் முட்டிப் பார்த்தேன்.
கூரையையே பார்த்தபடி
ஒரு சாயங்காலம் முழுக்க நின்றேன்.
வாழப்பாடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடினால் மஞ்சள் தகடு.
‘யூடியூப்ல இருக்குக்கா, ரெண்டு நிமிஷம்’ என்றான் தம்பி.
எங்கள் மில்லில் பாயிண்ட் பார்க்கும் சோமு
கிழங்கை ஒடித்த சத்தத்திலேயே
மாவு இருபத்தாறா இருபத்தெட்டா என்று சொல்லிவிடுவார்.
மெஷினில் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றால்
அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார்.
நானும் தம்பியோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மழை.
மேடைக்கு ஏறும் சரிவில் வரிசை.
மாதேசு வண்டிக்கு ஹேண்ட் பிரேக் நிற்காது,
‘கட்டை போடுறா!’ என்றார்.
அழகேசன் குதித்தான்,
பின் டயருக்கு அடியில் கட்டையைத் தள்ளினான்.
பதினாறு டன் ஓர் அங்குலம் பின்னால் சாய்ந்து
கட்டைமேல் உட்கார்ந்தது.
வரிசை நகர்ந்ததும் வண்டி எழும்பிப் போக
கட்டையைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஓடிப்போய்ப் படியில் தொற்றினான்.

கட்டையை அவன் விட்டுவிட்டுப் போகவில்லை.

எடையைக் குறிக்க மறந்தேன்.
மாதேசு ஹாரன் அடித்தார்.
‘ஒரு நிமிசங்க.’

தகட்டில் நின்றேன்.
கதவு ஏறியதும் பெட்டியை நிலைப்படியில் எறிந்தேன்.
தகட்டிலிருந்து இறங்கினேன்.
கதவு இறங்கி வந்து
டொக்கென்று பெட்டிமேல் உட்கார்ந்தது.
மிச்சமிருந்த சந்தில் குனிந்து உள்ளே போய்
இல்லாத கையால் இழுத்தேன்.
முதுகுக்குப் பின்னால் கதவு முழுதாய் விழுந்தது.
திரும்பிப் பார்க்கவில்லை.
பெட்டி என்னிடம் இருந்தது.

யாரிடம் சொல்வது?
மாதேசிடம் சொன்னேன்.
‘சரிங்க மேடம், ரசீது குடுங்க’ என்றார்.

பத்து மணிக்கு மழை விட்டிருந்தது.
சேர்வராயன் மலையில் ஒற்றை வெளிச்சம்
வளைவுக்கு வளைவு காணாமல் போய் ஏறியது.
அந்த விளக்குக்கும் தன் வண்டி தெரியாது,
முன்னால் இருபதடி சாலைதான் தெரியும்.

பதினெட்டாவது அறையை எட்டிப் பார்த்துவிட்டேன்.
அதில் கதவே இல்லை.

விளக்கணைத்துப் பூட்டிய பிறகு
ஈர மேடையில் ஏறி நடுவில் நின்றேன்.
நாற்பது டன் நிறுக்கிற மேடை,
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்குத் தெரியும்.
வெளியே தொங்கும் சிவப்பு எண்
ஐம்பது என்றது, அறுபது என்றது,
மறுபடி ஐம்பது.
கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தேன்.
அப்புறம்தான் உறைத்தது,
கீழேயும் மேடைதான்.